நபி தாவூது (அலை) அவர்களின் ஆட்சியும் நீதியும்

 

தாவூது என்ற பெயரும் சுலைமான் என்ற பெயரும் நம் மஹல்லாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சூட்டப்பட்டு வருபவை. மகனார் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை வண்ணக்களஞ்சியப் புலவர் 'இராஜநாயகம்' என்னும் காப்பியமாகவே தமிழில் பாடி வைத்தார். தந்தையார் தாவூது நபி (அலை) அவர்களைப் பற்றி நம் மக்களிடம் கேட்டால், ஜாலூத் என்ற கொடியவனைக் கொன்ற இளைஞர் என்பதே முதலில் வரும் பதில். மதரஸாவில் நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த வரலாறு அது.

ஆனால் ஜாலூத் வீழ்ந்தது ஒரு நாளில் நடந்து முடிந்த நிகழ்ச்சி. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் தாவூது நபி (அலை) அவர்கள் ஆட்சி புரிந்தார்கள். போர்க்களத்து வெற்றியைத் திருக்குர்ஆன் ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறது (2:251). அதிகாரம் கைக்கு வந்த பிறகு அவர்கள் எவ்வாறு உழைத்தார்கள், எவ்வாறு வணங்கினார்கள், தம்முன் வந்த வழக்குகளை எவ்வாறு தீர்த்தார்கள் என்பதைப் பல அத்தியாயங்களில் விரித்துரைக்கிறது. மக்களின் வழக்குகளைக் கேட்கும் பொறுப்பைச் சிறிய அளவிலேனும் சுமக்கின்ற ஒரு ஜமாஅத், இந்த இரண்டாம் பகுதியையே ஊன்றிப் படிக்கக் கடமைப்பட்டுள்ளது.

மன்னர் இல்லாத காலம்

மூஸா நபி (அலை) அவர்களுக்குப் பின் பனூ இஸ்ராயீல் மக்கள் கன்ஆன் நாட்டின் மலைப்பகுதிகளில் கோத்திரம் கோத்திரமாகப் பிரிந்து வாழ்ந்தனர். அவர்களுக்கென்று ஓர் அரசு இல்லை. மேற்கே மத்தியதரைக் கடலோரச் சமவெளியில் பெலிஸ்தியர் என்னும் கூட்டத்தார் குடியேறியிருந்தனர். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் கல்வெட்டுகள், கடல் வழியே படையெடுத்து வந்த கூட்டங்களுள் ஒன்றாக இவர்களைக் குறிப்பிடுகின்றன. காஸா, அஸ்கலான், அஸ்தோத், எக்ரோன், காத் ஆகிய ஐந்து நகரங்கள் இவர்களின் கோட்டைகளாக விளங்கின.

வெண்கலத்தின் காலம் முடிந்து இரும்பின் காலம் தொடங்கிய பருவம் அது. இஸ்ரவேலர் வாளும் ஈட்டியும் செய்துகொள்ளாதபடி அவர்களிடையே ஒரு கொல்லன்கூட இல்லாமல் பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டனர் என்று பழைய ஏற்பாட்டின் சாமுவேல் நூல் கூறுகிறது. கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூட எதிரியின் பட்டறைக்குச் சென்று கூலி கொடுக்க வேண்டியிருந்ததாம். இரும்பு யார் கையில் இருந்ததோ அவர் கையில் ஆதிக்கம் இருந்தது. பின்னாளில் தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுவதன் பொருள், இந்தப் பின்னணியை அறியும்போது மேலும் தெளிவாகிறது.

தாலூத்தும் ஆற்றங்கரைச் சோதனையும்

தோல்வி மேல் தோல்வி கண்ட மக்கள் தம் நபியிடம் சென்று, தங்களுக்கு ஓர் அரசரை நியமிக்குமாறு வேண்டினர். தாலூத் என்பவரை அல்லாஹ் அரசராக்கியிருப்பதாக அந்த நபி அறிவித்தார்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. தாலூத்திடம் செல்வம் இல்லை என்பதும், அவரைவிடத் தாங்களே தகுதியுடையோர் என்பதும் அவர்களின் வாதம். அறிவிலும் உடல் வலிமையிலும் அவருக்கு மேன்மை வழங்கப்பட்டிருப்பதாக அந்த நபி பதிலுரைத்தார்கள் (2:247). தலைமைக்குப் பணமே தகுதி என்ற எண்ணம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதையும், இறைவன் அதனை அப்போதே மறுத்துவிட்டான் என்பதையும் இங்கே காண்கிறோம்.

படை புறப்பட்டது. வழியில் ஓர் ஆறு குறுக்கிட்டது. அதில் வயிறாரக் குடிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர். ஒரு கையளவு அள்ளிக்கொள்வதில் குற்றமில்லை என்று தாலூத் அறிவித்தார். பெரும்பாலோர் குடித்துவிட்டனர். எஞ்சிய சிறு கூட்டமே ஆற்றைக் கடந்தது. பத்ருப் போரில் கலந்துகொண்ட தோழர்களின் எண்ணிக்கை, தாலூத்துடன் ஆற்றைக் கடந்தோரின் எண்ணிக்கையை ஒத்ததாக 310க்குச் சற்று மேற்பட்டிருந்தது என்று ஸஹாபாக்கள் தமக்குள் பேசிக்கொண்டதை பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் வாயிலாக புகாரி பதிவு செய்கிறது.

அந்தச் சிறு படையில் இருந்த இளைஞர்தாம் தாவூது (அலை) அவர்கள். பெத்லஹேம் ஊரைச் சேர்ந்த ஈசாய் என்பவரின் எட்டுப் புதல்வர்களுள் இளையவர், ஆட்டிடையர், கவண் எறிவதில் வல்லவர் என்று பழைய ஏற்பாடு அவர்களை அறிமுகம் செய்கிறது. திருக்குர்ஆனோ குடும்ப விவரங்களுக்குள் செல்லாமல், அவர் ஜாலூத்தைக் கொன்றார், அல்லாஹ் அவருக்கு ஆட்சியையும் ஞானத்தையும் வழங்கினான் என்று கூறி நிறைவு செய்கிறது.

நாற்பது ஆண்டு ஆட்சி

தாவூது நபி (அலை) அவர்களின் ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.மு. 1010 முதல் 970 வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். முப்பது வயதில் அரசரானார்கள் என்றும், முதல் ஏழரை ஆண்டுகள் ஹெப்ரோனிலும் பின்னர் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஜெரூசலத்திலும் இருந்து ஆண்டார்கள் என்றும் சாமுவேல் நூல் கணக்குத் தருகிறது. ஹெப்ரோன் என்பது இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் அடக்கமாகியுள்ள அல்-கலீல் நகரமே ஆகும்.

ஜெரூசலம் அப்போது எபூசியர் என்னும் மக்களின் கையில் இருந்தது. எந்தக் கோத்திரத்துக்கும் சொந்தமல்லாத அந்த மலைநகரைத் தலைநகராகக் கொண்டதன் மூலம் எல்லாக் கோத்திரங்களையும் ஒரே ஆட்சியின்கீழ் இணைக்க முடிந்தது. இன்றைய ஹரம் ஷரீபுக்குத் தெற்கே, கீஹோன் நீரூற்றை ஒட்டிய மலைச்சரிவில் அமைந்திருந்த அந்தப் பழைய ஊரின் பரப்பு ஏறத்தாழ 12 ஏக்கர்தான். உலக வரலாற்றில் அழியாத இடம்பெற்ற ஓர் அரசின் தலைநகர் நம் ஊர்களில் ஒரு பெரிய தோப்பின் அளவே இருந்தது.

இப்படி ஓர் அரசர் உண்மையில் வாழ்ந்தாரா என்று ஐயுற்ற ஆய்வாளர்களும் உண்டு. அந்த ஐயத்துக்கு 1993இலும் 1994இலும் ஒரு விடை கிடைத்தது. பாலஸ்தீனப் பெருநிலத்தின் வடகோடியில் உள்ள தெல் தான் என்னும் மேட்டில் அகழ்வாய்வு நடந்தபோது, அரமேய மொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டின் துண்டுகள் வெளிப்பட்டன. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில் எதிரி நாட்டு மன்னன் ஒருவன் தன் வெற்றிகளைப் பெருமையாகச் சொல்லும்போது, 'தாவூதின் இல்லம்' என்று பொருள்படும் சொல்லால் ஜெரூசலத்து அரச மரபைக் குறிக்கிறான். அரபு மொழியில் 'பைத்து தாவூத்' என்று நாம் சொல்வதும் அதே சொற்களே. அரசின் எல்லை எவ்வளவு பரந்திருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆனால் தாவூதின் பெயரால் ஓர் அரச மரபு வழங்கியதை, அவர்களுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்குள்ளாகவே பகைவனின் கல் சாட்சி சொல்லிவிட்டது.

இரும்பும் உழைப்பும்

அரசராக இருந்துகொண்டே தாவூது நபி (அலை) அவர்கள் ஒரு தொழிலைச் செய்தார்கள். போர்க்கவசம் செய்யும் கலையை அல்லாஹ் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான் (21:80). கவசத்தை முழுமையாகச் செய்யும்படியும், அதன் வளையங்களை அளவு பிசகாமல் கோக்கும்படியும் அவர்கள் பணிக்கப்பட்டார்கள் (34:11). கண்ணி பெரிதானால் அம்பு நுழைந்துவிடும். கனம் கூடினால் அணிந்தவரால் அசைய முடியாது. ஒரு வீரரின் உயிர் அந்த அளவில் அடங்கியிருக்கிறது. செய்யும் தொழிலில் அளவும் நேர்த்தியும் இறைவன் கட்டளையிட்டுக் கேட்கும் கடமைகள் என்பதை இந்த வசனம் உணர்த்துகிறது.

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், அல்லாஹ்வின் நபியான தாவூது (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டு வந்தார்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. நாட்டின் கருவூலமே கையில் இருந்த ஒருவர் தம் அன்றாட உணவுக்கு அதனைச் சாராமல் வாழ்ந்தார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. பொதுச் சொத்தைக் கையாளும் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஜபூர் வேதமும் இரவுத் தொழுகையும்

தாவூது நபி (அலை) அவர்களுக்கு ஜபூர் வேதம் அருளப்பட்டது (4:163, 17:55). யூதர்களும் கிறிஸ்தவர்களும் இன்று ஓதும் சங்கீத நூலில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 73 பாடல்களின் தலைப்பில் தாவூது (அலை) அவர்களின் பெயர் காணப்படுகிறது. காலப்போக்கில் அதில் மனிதர் சொற்களும் கலந்துவிட்டன என்பது நம் நிலைப்பாடு. எனினும் மூன்று சமுதாயங்களின் வணக்கத்திலும் அவர்களுடைய பெயர் மூவாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பது மறுக்க முடியாத வரலாறு.

அவர்கள் இறைவனைத் துதித்தபோது மலைகளும் பறவைகளும் உடன் சேர்ந்து துதித்தன என்று குர்ஆன் கூறுகிறது (21:79, 34:10, 38:18-19). அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் ஓதுவதைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூதின் குடும்பத்தாருக்குக் கொடுக்கப்பட்ட இனிய ஓசையில் ஒரு பங்கு அவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதாகப் பாராட்டினார்கள். இந்த அபூமூஸா (ரலி) அவர்களை இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை சந்திக்க இருக்கிறோம்.

நோன்புகளில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது தாவூது (அலை) அவர்களின் நோன்பு என்பதும், அவர்கள் ஒரு நாள் நோன்பு நோற்று ஒரு நாள் விட்டுவிடுவார்கள் என்பதும் நாம் அறிந்ததே. இரவில் பாதியை உறங்கி, மூன்றில் ஒரு பங்கை வணக்கத்தில் கழித்து, மீண்டும் ஆறில் ஒரு பங்கு உறங்குவார்கள். ஓயாமல் நோன்பு நோற்க விரும்பிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களைத் தடுத்தே, நபி (ஸல்) அவர்கள் இந்த முறையை எல்லையாக வகுத்துக் கொடுத்தார்கள். உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை நினைவூட்டிய அறிவுரை அது. தாவூது (அலை) அவர்கள் எதிரியைச் சந்தித்தால் புறமுதுகிட மாட்டார்கள் என்பதையும் அதே ஹதீஸில் சேர்த்துச் சொன்னார்கள். வணக்கம் அவர்களைக் கடமையிலிருந்து ஒதுக்கிவிடவில்லை.

மிஹ்ராபுக்குள் வந்த வழக்கு

இனி, அவர்களுடைய வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சிக்கு வருவோம். 'ஸாத்' அத்தியாயத்தின் 21 முதல் 26 வரையுள்ள வசனங்கள் இதனைக் கூறுகின்றன.

தாவூது நபி (அலை) அவர்கள் தம் தொழுகையறையில் தனித்திருந்தபோது இருவர் மதிலேறி உள்ளே வந்துவிட்டனர். அவர்கள் திடுக்கிட்டார்கள். அஞ்ச வேண்டாம், நாங்கள் இரு வழக்காளிகள், எங்களிடையே நேர்மையாகத் தீர்ப்பளியுங்கள் என்று வந்தவர்கள் கேட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் தம் முறையீட்டைச் சொன்னார். எதிரே நிற்பவர் தம் சகோதரர்; அவரிடம் தொண்ணூற்றொன்பது பெண் ஆடுகள் உள்ளன; தம்மிடம் இருப்பதோ ஒன்று; அந்த ஒன்றையும் தம்மிடம் கொடுத்துவிடுமாறு கேட்டுப் பேச்சில் தம்மை மடக்கிவிட்டார் என்பது முறையீடு.

கேட்ட மாத்திரத்தில் தாவூது நபி (அலை) அவர்கள், அந்த ஓர் ஆட்டைக் கேட்டதன் மூலம் அவர் உமக்கு அநீதி இழைத்துவிட்டார் என்று கூறினார்கள். கூட்டாளிகளில் பலர் ஒருவர்மீது ஒருவர் வரம்பு மீறுகின்றனர். நம்பிக்கை கொண்டு நல்லறம் புரிவோர் மட்டுமே விதிவிலக்கு. அத்தகையோர் மிகச் சிலரே என்றும் சொன்னார்கள். அடுத்த கணமே, இது இறைவன் தம்மைச் சோதித்த சோதனை என்பதை உணர்ந்து, மன்னிப்புக் கோரிப் பணிந்து விழுந்தார்கள். இறைவன் மன்னித்தான். அதைத் தொடர்ந்து, உம்மைப் பூமியில் கலீபாவாக ஆக்கியுள்ளோம், மக்களிடையே சத்தியத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பீராக, மன இச்சையைப் பின்பற்றாதீர் என்ற கட்டளையும் வந்தது.

இந்த நிகழ்ச்சியில் அவர்கள் எதற்காக மன்னிப்புக் கோரினார்கள்? பழைய ஏற்பாட்டில் இதனையொத்த ஓர் ஆட்டுக்குட்டிக் கதை, ஒரு பெண்ணைப் பற்றிய மிக மோசமான குற்றச்சாட்டோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை நம் பழைய உரைநூல்கள் சிலவற்றிலும் நுழைந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம், காழி இயாழ், இமாம் ராஸீ போன்றோர் அதனை வன்மையாக மறுத்தனர். இது இஸ்ராயீலிய்யாத் வகையைச் சேர்ந்தது, நபி (ஸல்) அவர்களிடமிருந்து இதற்கு ஆதாரபூர்வமான செய்தி எதுவும் இல்லை என்று இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் தெளிவுபடுத்தினார். இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு நபியின் மீது அத்தகைய பழியைச் சுமத்துவதை ஈமானுள்ள உள்ளம் ஏற்காது.

வசனங்களையே கூர்ந்து பார்த்தால் அறிஞர்கள் பலர் எடுத்துரைத்த விளக்கம் கிடைக்கிறது. முறையிட்டவர் பேசினார்; எதிர்த்தரப்பினர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஓர் ஆட்டுக்காரர்மீது எழுந்த இரக்கம் இயல்பானதே. ஆயினும் இரக்கத்தின் வேகத்திலும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது நீதிபதியின் உயர்ந்த நிலைக்குப் பொருந்தாது என்பதே அங்கே கற்பிக்கப்பட்ட பாடம். வணக்கத்துக்காகக் கதவை அடைத்திருந்த நாளில் வழக்காளிகள் சுவரேறி வர நேர்ந்ததையும் சிலர் சுட்டிக்காட்டுகின்றனர். நீதி கேட்டு வருபவருக்கு ஆட்சியாளரின் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு அதில் உண்டு.

இதே பாடத்தை நம் நபி (ஸல்) அவர்கள், இளம் வயதில் யமன் நாட்டுக்குத் தீர்ப்பளிக்க அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்களுக்கு உபதேசமாக வழங்கினார்கள். வழக்காளிகள் இருவர் முன்னே அமர்ந்தால், முதலாமவரைக் கேட்டது போலவே மற்றவரையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்கலாகாது என்பது அந்த உபதேசம். பின்னர் உமர் (ரலி) அவர்கள், முன்னே நாம் கண்ட அபூமூஸா (ரலி) அவர்களுக்கு நீதி வழங்கும் முறை குறித்து எழுதிய புகழ்பெற்ற கடிதம் இதனை மேலும் விரிக்கிறது. பார்வையிலும் இருக்கையிலும்கூட இரு தரப்பாரையும் சமமாக நடத்த வேண்டும்; வலியவர் சலுகையை எதிர்பார்க்கவும் கூடாது, எளியவர் நீதியில் நம்பிக்கை இழக்கவும் கூடாது; நேற்றுக் கூறிய தீர்ப்பு தவறென்று இன்று தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்பத் தயங்கலாகாது என்று அக்கடிதம் அறிவுறுத்துகிறது.

தாவூது நபி (அலை) அவர்கள் பணிந்து விழுந்த அந்த இடத்தை ஓதும்போது நபி (ஸல்) அவர்களும் ஸஜ்தா செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றனர். ஹனபி மத்ஹபில் இது ஓதலுக்குரிய ஸஜ்தா. ஷாபிஈ மத்ஹபில் இது நன்றிக்குரிய ஸஜ்தா என்பதால் தொழுகைக்கு வெளியே மட்டும் செய்யப்படுகிறது. நம் தமிழகத்தில் இரு மத்ஹபுகளும் வழக்கில் இருப்பதால் இந்த வேறுபாட்டை நாம் பார்த்திருப்போம். எவ்வாறாயினும், ஒரு நீதிபதி தம் அவசரத்தை உணர்ந்து தலைதாழ்த்திய கணம், உலகெங்கும் முஸ்லிம்களின் நெற்றியில் இன்றுவரை நினைவுகூரப்படுகிறது.

தந்தையும் மகனும் வழங்கிய தீர்ப்பு

மற்றொரு வழக்கு 'அன்பியா' அத்தியாயத்தில் வருகிறது (21:78-79). ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றொருவரின் விளைநிலத்தில் புகுந்து பயிரை அழித்துவிட்டன. விரிவுரையாளர்கள் தரும் விவரப்படி, இழப்பின் மதிப்புக்கு ஈடாக ஆடுகளை நிலத்துக்காரரிடம் ஒப்படைக்குமாறு தாவூது நபி (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மதிப்புக் கணக்கில் அது சரியான தீர்ப்பே.

சிறுவயதினரான சுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழியைச் சொன்னார்கள். ஆடுகள் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும். அவற்றின் பாலையும் உரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். நிலம் ஆட்டுக்காரரிடம் இருக்கட்டும். அவர் பாடுபட்டு அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பயிர் முன்போல் ஆனதும் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும். இந்த ஏற்பாட்டில் நிலத்துக்காரரின் இழப்பும் ஈடுசெய்யப்பட்டது. ஆட்டுக்காரரின் பிழைப்பும் அழியவில்லை. பகையில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு, இருவரும் தத்தம் வாழ்வைத் தொடரும் வகையில் முடிந்தது.

சுலைமானுக்கு விளக்கத்தைக் கொடுத்தோம் என்று கூறும் இறைவன், இருவருக்குமே தீர்ப்பளிக்கும் ஆற்றலையும் அறிவையும் கொடுத்தோம் என்றும் உடனே சேர்த்துக் கூறுகிறான். இந்த வசனம் இல்லையென்றால் நீதிபதிகள் எல்லாம் அழிந்தார்கள் என்றே தாம் கருதியிருக்க நேரும் என ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியது கவனிக்கத்தக்கது. மகன் புகழப்பட்டார், நேர்மையாக ஆய்ந்து தீர்ப்பளித்த தந்தை பழிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டு நாடாண்ட மன்னர், தம் தீர்ப்பைவிடச் சிறந்த ஒன்றை இளையவர் சொன்னபோது அதற்கு இடம் கொடுத்தார்கள். வயதும் பதவியும் உள்ள இடத்தில் இத்தகைய மனம் வாய்ப்பது அரிது.

விலை கொடுத்து வாங்கிய நிலம்

ஜெரூசலத்தில் இறை இல்லம் அமைக்கும் பேறு மகனார் சுலைமான் (அலை) அவர்களுக்கே வாய்த்தது. ஆனால் நிலத்தைப் பெற்றவர் தந்தையாரே என்று சாமுவேல் நூல் கூறுகிறது. மலை உச்சியில் அர்வனா என்னும் எபூசியருக்குச் சொந்தமான கதிரடிக்கும் களம் ஒன்று இருந்தது. அரசருக்கு அதனை இலவசமாகவே தந்துவிட அவர் முன்வந்தார். தாவூது (அலை) அவர்களோ, விலையில்லாமல் பெற்ற பொருளை இறைவனுக்குக் காணிக்கையாக்க மாட்டேன் என்று மறுத்து, 50 வெள்ளிச் சேக்கல் கொடுத்து வாங்கினார்கள் என்பது அந்நூலின் செய்தி. தோற்றுப்போன ஊரின் குடிமகன் ஒருவரிடம், வென்ற மன்னர் விலை பேசி வாங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த இறை இல்லத்தைக் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அழித்தனர். மீண்டும் எழுப்பப்பட்டதைக் கி.பி. 70இல் ரோமர் அழித்தனர். கி.பி. 637-638 அளவில் ஜெரூசலம் போரின்றிச் சரணடைந்தபோது கலீபா உமர் (ரலி) அவர்கள் நேரில் வந்தார்கள். அவர்கள் மிஹ்ராபு தாவூத் என்னும் இடத்தை நாடிச் சென்று தொழுததையும், அங்கே 'ஸாத்' அத்தியாயத்தை ஓதி ஸஜ்தா செய்ததையும் வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். பெரும் வெற்றியின் வேளையில் ஓதுவதற்கு, வழக்காளிகள் சுவரேறி வந்த அந்த அத்தியாயத்தையே கலீபா தேர்ந்தெடுத்தார்கள். வென்ற நகரத்து மக்களுக்கு இனி நீதி வழங்க வேண்டியவர் தாமே என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

வமிசம் போதாது

சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பின் கி.மு. 930 அளவில் அரசு இரண்டாகப் பிளந்தது. வடக்கு அரசு கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. தாவூதின் மரபினர் ஆண்ட தெற்கு அரசும் பாபிலோனியரால் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நீடித்த மரபு அது. நபியின் வாரிசுகள் என்ற பெருமை அவர்களைக் காக்கவில்லை.

பனூ இஸ்ராயீலில் நிராகரித்தவர்கள் தாவூதின் நாவாலும் மர்யமின் மைந்தர் ஈஸாவின் நாவாலும் சபிக்கப்பட்டனர் என்றும், தாம் செய்துவந்த தீமையை விட்டு ஒருவரையொருவர் தடுக்காதிருந்தனர் என்றும் குர்ஆன் காரணம் கூறுகிறது (5:78-79). தவறு நடந்ததைவிட, தவறைக் கண்டும் யாரும் வாய் திறக்காமல் இருந்ததே அந்தச் சமுதாயத்தை வீழ்த்தியது.

நமக்குரிய பாடம்

அருமைச் சகோதரர்களே! நம்மிடம் அரியணை இல்லை; நீதிமன்றத்தின் அதிகாரமும் இல்லை. ஆனாலும் கணவன் மனைவி பிணக்கு, மஹர் தொகை, பாகப் பிரிவினை, கூட்டு வியாபாரத்தில் எழுந்த மனத்தாங்கல் என்று ஆண்டு முழுவதும் பிராதுகள் ஜமாஅத்தின் முன் வருகின்றன. நாம் சொல்லும் ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் சேர்கிறது. ஒரு வார்த்தையால் பிரிகிறது. ஊர்விலக்கம் போன்ற கடும் முடிவுகள் ஒரு வீட்டின் நல்லது கெட்டதையே முடக்கிவிடுகின்றன.

அத்தகைய வேளையில், வந்தவர் முதலில் சொன்ன கதையே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. சபையில் உரக்கப் பேசுபவர் வெல்கிறார். பள்ளிவாசல் வாயிலுக்கு வெளியே தன் சகோதரனையோ தந்தையையோ பேச அனுப்பிவிட்டுக் காத்து நிற்கும் பெண்ணின் சொல் பல நேரங்களில் அவள் வாயால் கேட்கப்படுவதே இல்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகள் உடையவருக்கும் ஓர் ஆடு உடையவருக்கும் ஒரே விதமான இருக்கை நம் சபையில் கிடைக்கிறதா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஏழை என்பதற்காக விசாரிக்காமல் அவர் பக்கம் சாய்வதும் நீதியாகாது என்பதை அந்த மிஹ்ராபு நிகழ்ச்சியே கற்றுத் தருகிறது.

இரு தரப்பையும் முழுமையாகக் கேட்போம். தீர்ப்பைவிடச் சிறந்த வழியை ஓர் இளைஞர் சொன்னாலும் செவி கொடுப்போம். சொன்ன முடிவு தவறெனத் தெரிந்தால் மாற்றிக்கொள்ள வெட்கப்படாதிருப்போம். பொதுப்பணத்தில் ஒரு காசும் நம் உணவில் சேராமல் காப்போம். நிர்வாகத்தில் பிழை கண்டால் உறுப்பினர்கள் வாய்மூடி இராமல் நல்ல முறையில் எடுத்துச் சொல்வோம்.

தாவூதின் குடும்பத்தாரை நோக்கி, நன்றி செலுத்தும் வகையில் செயல்படுங்கள் என்று அல்லாஹ் பணித்தான் (34:13). அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆட்சிக்கான நன்றியைச் செயலால் காட்டுமாறு கேட்டான். நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இந்தச் சிறு பொறுப்புக்கான நன்றியும் அவ்வாறே கேட்கப்படும்.

நேர்மையாகக் கேட்கும் செவியையும், நீதியாகப் பேசும் நாவையும், தவறை உணர்ந்தால் பணியும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.